எக்கோ இல்லாமல் ஒரு பாட்டு

என்னைப் போன்றவன் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது பெயில். நாலு பேர் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. திருவொற்றியூரில் இருபது வருடமாக மைக் செட் வேலை செய்கிறேன். ஹிப்-ஹாப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபையரில் ஒரு குமிழ் அளவுதான்.

எங்கள் தொழிலில் எக்கோ முக்கியம். வரவேற்புரை, கானா, காணாமல் போன குழந்தையின் அடையாளம், எதுவானாலும் குரல் இரண்டு தடவை திரும்பி வர வேண்டும். வராவிட்டால், "இன்னா நைனா, செட்டு பழசா?" என்பார்கள்.

கேசட் ஓய்ந்து சிடி வந்த சமயம். குப்பத்து மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நான்தான் செட் கட்டினேன். ரெஜினா என்ற பெண் எண்ணூர்ப் பக்கம் இறால் கம்பெனியில் தோல் உரிப்பவள். கப்பலில் வேலை பார்த்த அவள் அண்ணன் கொண்டுவந்த ஹிப்-ஹாப் சிடிகளைக் கேட்டு, அதே மாதிரி தானே எழுதிப் பாடுவாள். மன்றத்திடம் மூன்று வருடம் வாய்ப்புக் கேட்டு, அந்த வருடம்தான் ஒரு பாட்டுக்கு இடம் கிடைத்தது.

மன்றத் தலைவர் சொன்னார்: "சொதப்புனா அடுத்த வருசத்துலேர்ந்து பொம்பளைங்க கோலப்போட்டியோட நிறுத்திக்கணும். சொல்ட்டேன்."

"ஒரே பாட்டு போதும் தலைவரே. வார்த்த புரிஞ்சா போதும்," என்றாள்.

வழக்கம்போல எக்கோ வைத்திருந்தேன். அவள் வேகமாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் ஏறியது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒன்றும் புரியவில்லை.

"இன்னாமே, டிரெயின் லேட்டா?" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

தலைவர் என் பின்னால் வந்து, "எக்கோவ இன்னும் ஏத்துப்பா. அப்பவாச்சும் பாட்டு மாதிரி கேக்கும்," என்றார்.

தப்பு அவளுடையதல்ல, என் செட்டுடையது என்று எனக்குப் புரிந்தது. வாய் திறந்து சொல்ல வரவில்லை. குமிழை எதிர்ப்பக்கம் திருகி, பூஜ்யத்தில் வைத்தேன்.

தன் குரல் மாறியதைக் கேட்டு ரெஜினா நிறுத்தினாள். என் பக்கம் பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இறாலு தோலு உரிச்சி உரிச்சி வெரலு பத்தும் ஐஸு,
இன்னும் அஞ்சு கூடை கீதுன்னு சூப்பர்வைசரு வாய்ஸு!"

பெண்கள் பக்கம்தான் முதலில் சிரிப்பு எழுந்தது. பாதிப் பேர் அதே கம்பெனி. "அந்த ஆளு இங்கதாம்மே கீறான்!" என்று ஒருத்தி எழுந்து கைகாட்டினாள். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. "இன்னொரு வாட்டி பாடு!" என்றார்கள். மூன்று வாட்டி பாடினாள்.

"ஏத்துனியாப்பா?" என்றார் தலைவர்.

"இல்ல தலைவரே. மொத்தமா எறக்கிட்டேன்."

"ஓ. என் பேச்சு அவ்ளோதானா?"

நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

புதுச் சத்தம் புரியவில்லை என்றால், முதலில் நம் செட்டைச் சோதிக்க வேண்டும். நான் கற்றது அது. இப்போது காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் செல்போனில் பீட் போட்டுவிட்டுத் தங்கள் வேலையை, தெருவை, சண்டையைத் தங்கள் பேச்சிலேயே பாடுகிறார்கள். இது நிலைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நிலைக்கும், இன்னும் வளரும் என்றுதான் நினைக்கிறேன். இதற்குக் குரல்வளம்கூட வேண்டாம், சொல்ல விஷயம் இருந்தால் போதும். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

அந்த விழாவுக்கு மறுநாள் காலை தலைவர் என்னிடம் ஆள் அனுப்பினார். அடுத்த விழாவில் ரெஜினாவுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார். மைக் செட்டுக்கு வேறு கடையில் சொல்லிவிட்டார்.