உப்புப் போட்ட ரப்பர் புழுக்கள்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் அக்காவுக்குச் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். என் தம்பி ஒரு பை நிறையக் கிழிந்த ரப்பர் புழுக்களைக் கொண்டுவந்தான். வளைகுடா நாட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. தூண்டிலில் இரையாக மாட்டுகிற புழுக்கள். தலை போனது, வால் போனது என்று அங்கே குப்பையில் போடுவதைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"மச்சானுக்குக்கா. உருக்கி, உப்புப் பொடி கலந்து, அச்சுல ஊத்துனா புதுப் புழு. உப்பு ருசிக்கு மீன் கவ்வுனத துப்பாது" என்றான். அதற்குப் பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரரும் நானும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் வெடிமருந்து கலக்கும் அறை. நான் வேறு அறை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் அறையில் மருந்து தீப்பிடித்துக்கொண்டது. அவர் வெளியே ஓடிவிட்டார். வலது கை வெந்து, விரல்கள் மடங்காமல் போயின. கூட இருந்த அவருடைய கூட்டாளி வெளியே வரவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் ஒரே சைக்கிளில் கண்மாய்க்கு விரால் பிடிக்கப் போவார்கள். அதோடு தூண்டில் பரணுக்குப் போனது. கூட்டாளியின் மனைவி இருக்கும் தெரு வழியாக இவர் நடப்பதையே விட்டுவிட்டார். ரேஷன் கடைக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் போவார்.

"அவன் கையப் பிடிச்சு இழுத்திருக்கலாம்ல" என்பார், சோற்றில் கை வைத்துக்கொண்டு.

"நீங்க எங்க ஓடுனீக? காலுல்ல ஓடுச்சு" என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். பொய்யில்லை. புஸ்ஸென்று சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, பக்கத்தில் யார் என்று பார்க்காமல், தெரிகிற வாசலில் வெளியேற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லித்தருவது அதைத்தான். ஆனால் அவர் மனதில் அது ஏறவே இல்லை. அதற்காக அவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

மண்புழு வழுக்கும், மடங்காத விரலால் அதை முள்ளில் கோக்க முடியாது. ரப்பர் புழு நெளியாமல் நிற்கும். அதைச் சொல்லித்தான் அவரை இழுத்தேன். கைகால் முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிற வெள்ளை மாவைக் குழைத்து, முழுசாக இருந்த ஒரு புழுவை இடது கையால் அதில் அமுக்கி, அவரே அச்சு எடுத்தார். "மீனுக்கு உப்புப் பாத்துப் பொங்கிப் போடுறோம். எனக்கு நேத்து வச்ச ரசத்துல உப்பே இல்ல" என்றார். அவர் கேலி பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் சமையலறையின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் பழைய வாணலியை ஏற்றினேன். அவர் அச்சோடு பக்கத்தில் உட்கார்ந்தார். ரப்பர் இளகிக் கூழானது. உப்பைப் பொடித்துச் சலித்தபோது தூசு பறந்தது. கம்பெனியில் எங்கள் அறையில் மருந்துத் தூசு பறக்கவே கூடாது. காலையில் போனதும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருவோம். என் கை தானாகச் செம்புக்குள் போய், உப்பின் மேல் தண்ணீர் தெளித்தது. உப்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். காது கேட்டிருந்தது, கைக்கு நினைவில்லை. ஈர உப்பை அப்படியே வாணலியில் கொட்டினேன்.

புஸ்ஸென்று பொங்கிப் படபடவென வெடித்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, தெருக்குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் கரண்டி இல்லை. குடம் வைத்திருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். அவர் உள்ளே இருக்கிறார் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

திரும்பி ஓடினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, அச்சை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பனியனில் இரண்டு மூன்று ரப்பர்ச் சொட்டுகள் ஒட்டியிருந்தன. நல்லவேளை, உடம்பில் படவில்லை.

"உங்கள விட்டுட்டு ஓடிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏ புள்ள, அழாத. நீ எங்க ஓடுன? காலுல்ல ஓடு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் ஓடிய வாசலைப் பார்த்தார்.

"கட்டுன புருசனையே விட்டுட்டு ஓடுதே இந்தக் காலு" என்றார், மெதுவாக.

அப்புறம் அவரும் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர். நான் அவர் கையை, வெந்த கையைத்தான், பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

உப்பை வறுத்து ஈரம் போக்கி, மறுபடி உருக்கி ஊற்றினோம். ஒன்று தடித்து, ஒன்று இளைத்து, உப்பு மணி துருத்திக்கொண்டு பதினொரு புழுக்கள் வந்தன. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் சொல்லாமலேயே பரணிலிருந்து தூண்டிலை இறக்கினார். நானும் நம்பிக்கையோடு மசாலா அரைத்து, புளி கரைத்து, குழம்பைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்தேன்.

உச்சி வெயிலில் வெறுங்கையோடு வந்தார். வேட்டியில் மீன் வாடை அடித்தது.

"மீன எங்க?"

"ஒண்ணு விழுந்துச்சு. முழங்கை நீளம் இருக்கும்." சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "கூட்டாளி வீட்டுல குடுத்துட்டு வந்தேன்."

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். "வாசல்லயே நின்னு குடுத்தீகளா, உள்ள போனீகளா?"

"போனேன். வந்தவுக சாப்பிட்டுத்தான் போகணும்னு அந்தத் தங்கச்சி சொல்லிருச்சு."

மீன் இல்லாத மீன் குழம்பை அன்று நான் மட்டும் சாப்பிட்டேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.