ஈசல் பறந்த புற்று

மழை விட்டதும் கங்கம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாகறலில் எங்கள் நிலத்தில் நாற்று நடுகிற இருளர் வீட்டுப் பெண்.

"பாப்பா, காஞ்சிபுரத்து ஏரிப் பார்க்குக்கு என்ன வண்டில இட்டுக்கினு போறியா?"

"இன்னாக்கா திடீர்னு?"

"அவரு கஞ்சியத் தொட மாட்டேன்றாரு. அந்தப் புத்து ஈசல வறுத்துக் குடுத்தா துன்றேன்றாரு."

அவள் புருஷன் தண்டபாணி பக்கவாதத்தில் படுத்தவர். சாப்பாடு இறங்கினால்தான் பிழைப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த ஏரிக்கரையில்தான் ஒரு காலத்தில் இவர்கள் குடிசை. அப்புறம் ஊர்க் குப்பையை அங்கே கொட்டினார்கள், சீமைக்கருவேலம் மண்டியது, இவர்கள் மாகறலுக்கு வந்துவிட்டார்கள். இப்போது முள்ளை வெட்டி, ஏரியைத் தூர்வாரி, நாவலும் நீர்மருதும் நட்டுப் பறவைக் காப்பகமாக ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? புற்றுக்குக்கூட மூங்கில் வேலி போட்டிருக்கிறார்கள். இவர்கள் இருந்த குடிசைக்கு ஒரு கீற்று போட நாதியில்லை.

நாங்கள் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. புற்றருகே ஒருவரும் இல்லை. புற்றின் வாயில் ஒன்றிரண்டு ஈசல்கள் தலைநீட்டின.

"சீக்கிரம் எடுக்கா," என்றேன்.

அவள் எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புற்றில் குடியிருக்கும் தங்கள் குலதெய்வத்தைக் கை கூப்பி, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில், "கன்னிம்மா! ஒரு மடி எடுத்துக்கறேம்மா, தாயீ!" என்றாள். ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். காவலாளி ஏகாம்பரம் டார்ச்சோடு ஓடி வந்தார்.

"ஐயோ, வாயை மூடிக்கினு எடுக்கக் கூடாதாக்கா?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"கேக்காம எடுத்தா திருட்டு பாப்பா."

"இங்க கேட்டு எடுத்தாலும் திருட்டுதாம்மா," என்றார் ஏகாம்பரம். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "பாவமாத்தான் கீது. ஆனா ஒரு எல வெளிய போனாலும் என் வேல பூடும்."

அப்போது புற்றின் வாயிலிருந்து ஈசல் கூட்டமாகக் கிளம்பியது. பொலபொலவென்று வந்துகொண்டேயிருந்தது. கரிச்சான்கள் பாய்ந்து பாய்ந்து பிடித்தன. கங்கம்மாள் காலி மடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பறவைக்கு உண்டு, அவளுக்கு இல்லை. எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

கங்கம்மாள் வீட்டுக்குத் திரும்பினோம். "கெட்ச்சிதா?" என்றார் தண்டபாணி.

"இல்ல."

நல்ல கையால் அவளைக் கிட்டே இழுத்தார். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஓர் இறக்கையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"பறந்துச்சா?"

"பறந்துச்சு. வானமே தெரில."

"நம்ம வூடு இருந்த எடம்?"

"பெஞ்சு போட்டுக்கிறாங்க. செத்த நேரம் குந்திக்கினு வந்தேன்."

இறக்கையை விரலிடுக்கில் செருகிக்கொண்டார். பிறகு, "கஞ்சி கீதா?" என்றார்.

கங்கம்மாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். நாலு வாய் உள்ளே போயிற்று. இறக்கையை மட்டும் விரலிலிருந்து விடவில்லை.

"அடுத்த மளைக்கு நானும் வரேன். நான் கேட்டா கன்னிம்மா குடுப்பா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "வண்டில மூணு பேரு குந்தலாமா பாப்பா?"

அவரால் தலையணையிலிருந்து தலையைக்கூடத் தூக்க முடியாது.

"குந்தலாம்," என்றேன்.