தோர்ண்டன் ஹீத்தில் ஆமி

லண்டனில் ஒருத்தி ஆமிக்குப் பயந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரிப்பவர்கள் ஒரு நாளாவது மன்னாரில் இராணுவச் சுற்றிவளைப்புக்குள் நின்று பார்த்திருக்க வேண்டும். மெற்றில்டா நின்றிருக்கிறாள். அவள் புருஷன் அருட்பிரகாசத்தை அவள் கண் முன்னாலேதான் லொறியில் ஏற்றினார்கள். பிறகு எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அவள் எப்படியோ லண்டன் வந்து, தோர்ண்டன் ஹீத்தில் எமில்டா வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டித் துடைத்துச் சீவித்தாள்.

எண்பத்தாறில் ஒரு ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிய, கனடாவுக்குப் போகும் வழியில் வந்த யாரோ ஒருவர் அவளை விசாரித்துப் பிடித்து ஒரு சீட்டைக் கையில் வைத்தார். அருட்பிரகாசத்தின் கையெழுத்து! தப்பி, வள்ளத்தில் தமிழ்நாட்டுக் கரைக்கு, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு டெலிபோன் நம்பர். கீழே, "ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் இந்த போனடியில் இருப்பன்." கொண்டுவந்தவர் அன்றைக்கே பிளேன் ஏறுகிறவர், அவர் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. இங்கே காலை என்றால் அங்கே பின்னேரம். சீட்டைப் பிடித்தபடியே ஸ்டேஷன் பக்கம் இருந்த டெலிபோன் பெட்டிக்கு ஓடினாள்.

மூலை திரும்பினால் ஆமி.

மண்மூட்டைகள், லொறி, இரும்புத் தொப்பிகள், நீட்டிய துவக்குகள். எங்கோ புகை. இது எந்த நாடு என்று யோசிக்கப் பயம் விட்டால்தானே? சீட்டு அகப்பட்டால் அந்த நம்பரில் இருக்கிற அத்தனை பேரும் தொலைந்தார்கள். ஊரில் பழகிய வேலைதான். சீட்டை வாயில் போட்டு, மென்று விழுங்கி, இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"கட்!" என்று எவனோ கத்தினான். துவக்குக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் தேத்தண்ணீர் குடிக்கப் போனான்.

வேற்றுக் கிரகத்து இயந்திரங்கள் லண்டனைப் பிடிக்க வருகின்றன. வருஷக்கணக்காக ஓடும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குப் படப்பிடிப்பு. தெருவை மறித்த புத்திசாலிகள் கோயில் பக்கத்து ஒழுங்கையை மறிக்க மறந்துவிட்டார்கள். அவளுடைய பயம் அப்படியே உண்மைபோல இருந்ததாம், படத்தில் சேர்க்கப் போகிறார்களாம் என்று ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். மெற்றில்டா வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். துவக்குகள் இன்னும் பக்கத்தில்தானே நின்றன! பிறகு சுவரோரம் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்காளித்தாள். வந்தது நீலக் கூழ்.

முதல் மூன்று இலக்கம் மட்டும் ஞாபகம் இருந்தது. பாதிரியார் மண்டபம் முகாமுக்கு எழுதிப் பார்த்தார். அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. ஞாயிறு வந்தால் மெற்றில்டாவுக்குச் சோறு இறங்காது. கூப்பிடுவாள் என்று பார்த்துப் பார்த்து, மனம் வெறுத்து மன்னாருக்கே திரும்ப வள்ளம் ஏறிவிட்டாரோ?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தது. எமில்டா வீடியோ டெக்கில் பதிந்து வைத்துப் போட்டுக் காட்டினாள். இயந்திரங்கள் வந்தன, வீடுகள் எரிந்தன. மெற்றில்டா ஒன்றையும் கவனிக்கவில்லை. தன் முகம் வந்ததும் திரையில் மூக்கு முட்டப் போய் இருந்தாள். படத்தில் அவள் கையில் அந்தச் சீட்டு.

"நிப்பாட்டு! நம்பர் தெரியுதோ பார்."

எமில்டா நிறுத்தினாள். படம் நடுங்கியது, குறுக்கே கோடுகள் ஓடின. திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தி, கண்ணாடி போட்டும் பார்த்தாள்.

"வெறும் வெள்ளையாத்தான் கிடக்குது அக்கா. மிச்சத்தை ஓட விடட்டோ?"

"வேண்டாம்," என்றாள் மெற்றில்டா. "ஓட விடாதை. இதிலை நான் இன்னும் விழுங்கேல்லை."