பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

சித்ரலேகா வேலை பார்த்தது தச்சநல்லூரில், மருந்துக்குப் போகும் நிலவாகை இலையை ஏற்றுமதி செய்யும் காந்திமதிநாதன் அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியில். வீட்டில் படுக்கையோடு கிடந்த அப்பாவைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அதை அவள் தியாகமாக நினைத்ததில்லை. செய்யாவிட்டால் புண் வரும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் ஜெர்மன் கம்பெனி ஃபேக்ஸை நிறுத்தியது. சரக்கு அனுப்புகிறவர்களுக்கென்று மட்டும் இணையத்தில் பூட்டுப் போட்ட ஓர் இடத்தைத் திறந்தது. ஆர்டர், தர விவரம், கப்பல் தேதி எல்லாம் அதற்குள். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதில் தட்டினாலும் திறக்காது. பாஸ்வேர்டு சித்ரலேகாவுக்கு மட்டும் தெரியும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மறுநாளே சம்மதம் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்தால்தான் இலை பொறுக்கும் பெண்களுக்குத் தை மாதம் வரை வேலை. அவ்வளவு இலை தர முடியுமா என்று சொல்ல வேண்டிய அண்ணாச்சியோ கொள்முதலுக்கு வள்ளியூர் போயிருந்தார். காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால், ராத்திரியே திரும்பிவிட்ட அண்ணாச்சி விடியுமுன்பே பூசையை முடித்திருந்தார். தராசு, சாக்குத் தைக்கிற ஊசி வரிசையில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். மோடத்தின் மேல் செவ்வந்திப் பூ.

"அண்ணாச்சி, இன்னைக்கே சம்மதம் போடணும். இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"பூசையில வச்சதை எடுக்கலாமா, தாயி? வருசம் பூரா சோறு போடுத சாமான். ஒரு நா ஓய்வா இருக்கட்டும். போனைப் போட்டு வெவரத்தைச் சொல்லு."

போன் போட்டாள். அங்கே ஒரு பெண் தன்மையாகப் பேசினாள். வாய்ச்சொல்லை ஏற்க வழியில்லை, தயவுசெய்து இணையத்திலேயே பதியுங்கள் என்றாள். பூசையைப் பற்றிச் சொல்ல சித்ரலேகாவுக்கு இங்கிலீஷ் வரவில்லை. வந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போனார். கம்ப்யூட்டர் அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. சுவிட்சின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையை அதுவரை கொண்டுபோனாள். படுக்கையில் கிடக்கிற அப்பாவின் நினைப்பு வந்தது. சாமி காரியத்தில் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? கையை எடுத்துக்கொண்டாள்.

விஜயதசமி காலையில் பூவை எடுத்து, சந்தனத்தை வழித்து, கம்ப்யூட்டரைப் போட்டார்கள். பூட்டு வழக்கம்போலத் திறந்தது. தர விவரம் இருந்தது, கப்பல் தேதிகள் இருந்தன. ஆர்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஒரு நாள்தானம்மா பிந்திருக்கு. என்ன காரணம்னு எழுதிப் போடேன்" என்றார் அண்ணாச்சி.

"எழுத இதுல எடம் இல்ல அண்ணாச்சி. சம்மதம், சம்மதமில்லை, ரெண்டுதான் இருந்துச்சு. இப்பம் அதுவும் இல்ல."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இன்னும் பொறுக்காத இலை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. இலை பொறுக்கும் முத்துராணி முறத்தோடு வாசலில் வந்து நின்று, இன்றைக்கு எந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்று கேட்டாள். அண்ணாச்சி சித்ரலேகாவைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.