பிளக் வழியாக நெட் வந்த காலம்

அன்று எங்கள் ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் என் வீட்டுக்காரர். கட்டில் ஓரத்தில் அவர் தம்பி குமரன். வாசற்படியில் குமரன் மனைவி செல்வி. டிவிக்குப் பின்னால் தலையை விட்டிருந்த டிஷ் மாட்டுகிறவர். ஐந்தாவது, சந்தனக் கிண்ணத்தோடு நான்.

அன்று ஆயுத பூஜை. மிக்ஸி, தையல் மெஷின், டிவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், புதிதாக மாட்டிய வெள்ளைப் பெட்டிக்கும் வைத்துவிட்டேன்.

"யம்மா, ஓட்டையில பூசாதம்மா! சூடு வெளிய போவணும்!" என்று டிஷ்காரர் அலறினார்.

"வுடுங்கண்ணா. அக்கா அடுத்து அதுக்கு சூடம் காட்டுவாங்க" என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தோம். பெட்டி சூடாகும் போதெல்லாம் ஹால் முழுக்கச் சந்தன வாசனை வரும்... பல நாள் வந்தது.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் தம்பியை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். குமரன் எங்கள் வாசலை மிதித்து வருஷங்கள் ஆகின்றன.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலையில் மேலிருந்து விழுந்தவர் என் வீட்டுக்காரர். அதன் பிறகு கட்டில்தான். ஷிப்டுக்கு நாலு பேரோடு பேசிச் சிரித்த மனிதர். படுத்துவிட்டால் எவன் வருகிறான்? முதல் மாதம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அப்புறம் போன். அப்புறம் அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது குமரன் ஒருவன்தான். காக்களூர் எஸ்டேட்டில் வேலை, எங்கள் மாடியில் குடித்தனம். நெட் கனெக்ஷன் மாடியில். டிஷ் பெட்டி கீழே. பெட்டிக்கு நெட் கொடுத்தால் விட்டுப்போன கபடி மேட்சை எல்லாம் திரும்பப் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் முன்சுவரில் ஒயர் இழுக்கச் செல்வி விடவில்லை. புதுப் பெயிண்ட்.

அதற்குத்தான் இந்த இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றை மாடியில் மோடம் பக்கத்து பிளக்கில் செருக வேண்டும். இன்னொன்றைக் கீழே டிவி பக்கத்தில்.

"ஊட்ல கரண்ட் ஓடுற ஒயர்லயே நெட்டும் ஓடியாந்துடும். மேலயும் கீழயும் ஒரே மீட்டர்தான?" என்று டிஷ்காரர் கேட்டார்.

"ஒரே மீட்டர்தாம்பா. நாங்க இன்னா தனித்தனியாவா கீறோம்?" என்றான் குமரன்.

அவன் வாயால் சொன்னதுதான்.

வேலையிலிருந்து வந்ததும் மாடியில் சுவிட்சைப் போட்டுவிட்டு, படியில் நின்று கத்துவான்.

"ண்ணா, வருதா?"

"வர்லடா! சுத்திக்கினே கீது!"

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். படம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். குமரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஓடிக்கினுதான கீது!" என்பான்.

"இப்பதான் வந்துச்சி. வந்தது வந்துட்ட, குந்து."

அவனும் உட்கார்ந்துவிடுவான். இரண்டு பேரும் கபடி பார்த்துக்கொண்டே சண்டை போடுவார்கள். நடுவில் நான் மிக்ஸியைப் போட்டால் படம் நின்றுவிடும். "ஏம்மே, சட்னிய நிறுத்தும்மே! ரெய்டு போய்க்கினு கீறான்!" என்று இரண்டு குரலும் சேர்ந்து வரும்.

பிறகு மாடியில் ஏசி வந்தது. கரண்ட் பில் எகிறியது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். பேசித் தீர்க்க முடியாத கணக்கு அல்ல அது. ஆனால் பேசவே இல்லை. ஒருநாள் காலை ஈபி ஆட்கள் வந்து, பழைய மீட்டர் பக்கத்தில் மாடிக்கென்று ஒன்றை மாட்டி லைனைப் பிரித்துவிட்டுப் போனார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கிடையாது.

அன்று சாயந்திரம் படியில் குரல் வரவில்லை. இவரே கூப்பிட்டார்.

"குமரா... வர்லடா!"

அன்றுதான் நிஜமாகவே வரவில்லை. யாரும் இறங்கியும் வரவில்லை.

நான் மாடி ஏறினேன். "மீட்டரு மாத்துறத சொல்லக் கூடாதாப்பா? அவரு கத்திக்கினு கீறாரு."

"மீட்டரு வேற ஆயிட்டா அது வராதுண்ணி. போன்ல பாக்கச் சொல்லுங்க. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு..." குமரன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து செல்விதான் சொன்னாள். "டிவி ஒரு சாக்குக்கா. வருது வர்லன்னு தெனம் கீழ இழுத்துக்கினே இருந்தா, இவருக்குன்னு ஒரு ஊடு வேணாமா?"

ஆக, இவர் கூப்பிட்டது சாக்குதான் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் இறங்கி வந்தான். தெரிந்தேதான் நிறுத்தினான். இதில் எது எனக்கு அதிகம் வலித்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கீழே வந்து, "லைன்ல ஏதோ பிராப்ளமாம்" என்றேன்.

"காலுதான் போச்சி. காது நல்லாத்தான் கீது" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று விளக்கேற்றும்போது முருகனிடம் முறையிட வாய் வரவில்லை. டிவி வரவில்லை என்று சாமியிடம் போய் எப்படிச் சொல்வது?

அப்புறம் அவர்கள் செவ்வாப்பேட்டைக்குக் குடிபோனார்கள். மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது இவர் கையிலேயே போன் இருக்கிறது. மேட்ச் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு தனியாகப் பார்க்கிறார். நடுவில் நின்று போவதே இல்லை. அதனால் யாரையும் கூப்பிட வேண்டியதும் இல்லை. அப்போது கெட்டுப்போக ஒரு பெட்டியாவது இருந்தது.

குமரா, இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நீயும் இருக்கிறாய். நான் போடுகிற கிருத்திகை அலங்காரப் படத்துக்கெல்லாம் கும்பிடு போடுகிறாய். இதையும் படிப்பாய். வருகிற கிருத்திகை கழிந்ததும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். எழுந்து நடப்பார் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. தம்பி வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் கிளம்பலாம் என்கிறார் உன் அண்ணன். செல்வியோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. பழைய பேச்சு எதையும் நான் எடுக்க மாட்டேன்.

வருவாயா, மாட்டாயா? அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். சீக்கிரம் எழுது.