உப்புக் கேனில் தொடங்கிய ஆராய்ச்சி

ராஜகீழ்ப்பாக்கத்தில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கம்பெனி வைத்தவன் நான். படிப்பு ஆறாவது. போட்ட கொட்டகையை ஏரித் தண்ணீர் கொண்டுபோனது. மேடை கட்டி மறுபடி போட்டேன். மெஷினுக்கு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். படத்தைப் பார்த்தே பூட்டினேன். தாம்பரத்திலிருந்து கோவளம் வரை என் கேன் போகாத மெக்கானிக் கடை கிடையாது.

மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. எதைத் தின்றாலும் ஒரே மாதிரி இருந்தது. வேனை எடுப்பேன், கேனை இறக்குவேன், வீட்டுக்கு வந்து படுப்பேன்.

பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் மெஷின் பழுதாகி, என்னிடம்தான் கேன் வாங்கினார்கள். ஒருநாள் இறக்கப் போனபோது, ஆராய்ச்சி செய்யும் பெண் ஒரு கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாமா, மோர் மாதிரி கீது?”

“அதான் சார் பிரச்சனையே. இது பாலிமர். தண்ணில கரைஞ்சு தெளிவா இருக்கணும். முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனாத்தான் வெளுக்கும். இப்போ ஏசி ரூம்லயே வெளுத்துடுச்சு. பாலிமரே கெட்டுப்போச்சுன்னு கைடு திட்டறார்.”

போன தடவை நான் இறக்கிய கேனில் மிச்சம் இருந்ததைக் கையில் ஊற்றி நாக்கில் வைத்தேன்.

“ஐயோ சார், லேப்ல எதையும் வாயில வைக்காதீங்க!”

“என் கம்பெனி தண்ணிமா. உப்புக் கரிக்குது.”

இரண்டு மாதமாக எதுவும் உறைக்காத நாக்கு அது.

தப்பு எங்கே என்று உடனே தெரிந்தது. தண்ணீரை மென்மையாக்கும் மெஷினை நாங்கள் இதே மாதிரி கேனில் உப்புக் கரைசல் கலந்து விட்டுக் கழுவுவோம். கேனில் மிச்சம் இருந்தால் கொட்டாதே, அதன்மேலேயே நிரப்பு என்பது நான் போட்ட சட்டம். உப்புக் கரைசலும் பார்க்கப் பச்சைத் தண்ணீர்தான். எவனோ அதன்மேலேயே நிரப்பி அனுப்பிவிட்டான்.

அவள் விளக்கினாள். அந்தப் பொருள் நூல் நூலாகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விரிந்திருக்குமாம். சூடு ஏறினால் தண்ணீரை விட்டுச் சுருண்டு திரளும், அதுதான் வெளுப்பு. உப்பு கலந்தால் அந்தப் பிடி தளர்ந்துபோய், குறைந்த சூட்டிலேயே சுருண்டுவிடும். பிறகு ஒவ்வொரு உப்பாகப் போட்டுப் பார்த்தாள். சில உப்பு சீக்கிரம் வெளுக்க வைத்தது. ஒன்றிரண்டு நேர்மாறாகத் தள்ளிப்போட்டது. அதுவே ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயம் ஆனது.

ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கர்த்தர், கைடு, அப்பா அம்மா, லேப் மெஷின் ஓட்டுகிறவர்.

“நான் எங்கமா?”

“சார்... தண்ணி சப்ளை பண்றவங்களையெல்லாம் போடற வழக்கம் இல்ல.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் விட மாட்டேன். உப்பு கலந்தது என் கம்பெனியில். என் தப்பு, அதையும் எழுதட்டும். உப்பு என்று முதலில் சொன்னதும் நான். புத்தகமாக அச்சாகும் முன் அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி வேண்டும், என் முழுப் பெயரோடு.