ஆள் இல்லாத வீடு

"ஹலோ, போட்டோ புடிக்கிற மேடமா? இங்க யாரோ வாழ்ந்தாங்கன்னு போட்டுக்கீறீங்களே... நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் தோசை. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். எடுத்த எடுப்பில் இப்படி ஒரு குரல் வந்தால் என்ன சொல்வீர்கள்? நான் ராங் நம்பர் என்று சொன்னேன்.

"ராங் நம்பர்லாம் இல்ல மேடம். நீங்களே குடுத்த நம்பர்தான். எங்க வூட்டாண்ட டீ குட்ச்சிட்டு, போட்டோ அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனீங்களே... நான் தேவகி."

தேவகி... டீ... ஆமாம்! நினைவு வந்துவிட்டது. தோசை கருகிவிட்டது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் கேமரா கிறுக்கு தெரியும். சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவேன். பழைய தெரு, பழைய கட்டடம், வயல்வெளி – இவற்றைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை. என் கணவர்தான் டிரைவர். கூலி, வழியில் கிடைக்கும் நல்ல காபி.

சில மாதங்களுக்கு முன்னால் திருமுக்கூடலுக்குப் போனோம். மூன்று ஆறுகள் சேரும் இடத்தில் சூரிய உதயம் எடுப்பதாகத் திட்டம். ஒரே மேகம். சூரியன் அன்றைக்கு லீவு. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பக்கமாகத் திரும்பி வந்தபோதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். எந்த ஊர் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஒரு முறை சொன்னதற்கே பட்டது போதும்.

என்ன வீடு தெரியுமா! சுண்ணாம்புச் சுவர், ஆள் உயரத்தைத் தாண்டிய தேக்குக் கதவு, மாடி முகப்பில் எதிரெதிராக இரண்டு சுதைக் கிளிகள். காரை பெயர்ந்த இடத்தில் சிவப்புச் செங்கல். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயிலும் வந்தது. கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன். இறங்கியபடியே ஏழெட்டு க்ளிக்.

ஆனால் பாருங்கள், வீட்டின் முன்னால் ஒரு பைக். வரிசையாக நாலு பிளாஸ்டிக் குடம். கொடியில் பூப்போட்ட நைட்டி. ஓட்டுக்கு மேல் டிஷ் ஆன்டெனா. என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் விழுந்த தூசு.

எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள்தான் தேவகி. நான் பார்த்த அந்தப் பழைய வீடு அவளுடைய அம்மா வீடு. அம்மாவும் தம்பி லோகுவும் இருக்கிறார்கள். நான் கேட்டதும் தேவகியே பைக்கைத் தள்ளி நிறுத்தினாள். குடங்களை உள்ளே எடுத்து வைத்தாள். கொஞ்சம் தயங்கி, "அந்த நைட்டி..." என்றேன். சிரித்துக்கொண்டே அதையும் உருவிக்கொண்டு போனாள். டீ வேறு போட்டுக் கொடுத்தாள்.

தம்பிதான் மசியவில்லை. நீல நிற கம்பெனி யூனிபார்மில் அவர் தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் குடத்தோடு நடந்துகொண்டே இருந்தார். முதல் படத்திலிருந்தே, நான் க்ளிக் செய்யும்போதெல்லாம் நடுவில் வந்தார். "அஞ்சே நிமிஷம் நிற்கச் சொல்லும்மா" என்று தேவகியைக் கேட்டேன்.

"நிக்க மாட்டான் மேடம். நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு இப்பத்தான் வந்துகீறான். கொயாத் தண்ணி நின்னுடும். அம்மாவுக்கு முட்டி வலி, இவன்தான் புடிச்சாவணும்" என்றாள்.

நாற்பது சொச்சம் படங்கள். முக்கால்வாசியில் குடமும் ஆளும். எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைசியில் குழாயில் தண்ணீர் நின்று, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்போது ஒரே ஒரு படம் சுத்தமாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் கரண்ட் ஒயரை அழித்தேன். டிஷ் ஆன்டெனாவை அழித்தேன். சுவரில் சாக்பீஸால் கிறுக்கியிருந்த கிரிக்கெட் ஸ்டம்ப்பையும் அழித்தேன். ஊர், தெரு எல்லாம் கடமையாகக் குறிப்பிட்டு, இணையத்தில் ஏற்றி, மேலே ஒரு வரி போட்டேன்: "காலம் மறந்துபோன வீடு... இங்கே யாரோ வாழ்ந்தார்கள்."

லைக் குவிந்தது. மனசு கனக்கிறது என்று எழுதினார்கள். கண் கலங்கியது என்று எழுதினார்கள். நானும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். தேவகிக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது.

இப்போது போனில் தேவகி சொன்ன கதை இதுதான்.

லோகுவுக்கு முப்பத்து நாலு வயது. பார்த்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், மதுராந்தகம் பக்கத்தில் ஒரு இடம் கூடி வந்திருக்கிறது. பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்தது, பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் தேவகி நாலைந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பின்பக்கம் புதிதாகக் கட்டிய இரண்டு ரூம், டைல்ஸ் போட்ட பாத்ரூம், எல்லாம்.

பெண்ணின் தாய்மாமன் விவரமானவர். போனில் ஊர் பேரையும் தெரு பேரையும் தட்டிப் பார்த்திருக்கிறார். முதலில் வந்தது எது? உங்கள் அபிமானப் பத்தி எழுத்தாளரின் கலைப்படைப்பு!

"இடிஞ்சி வியற வூட்ட வச்சிக்கினு, எவன் வூட்டு ரூமையோ படம் புடிச்சி ஏமாத்தறாங்கன்னு சொல்ட்டாரு மேடம். பாக்கவே வர மாட்டாங்களாம். அந்தப் பொண்ணு போன் எடுக்கறதில்ல. போன அந்த மாமங்காரரு வாங்கி வச்சிக்கினாராம். ரெண்டு நாளா இவன் ஒயுங்கா சோறு துன்னல. ஒண்ணும் பேசவும் மாட்றான். நானே நைட்டிய எடுத்து, நானே டீ போட்டுக் குடுத்து, என் தம்பி வாய்க்கையில நானே மண்ண வாரிப் போட்டுக்கினேன்..."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் அழுதுவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் படத்தை இணையத்திலிருந்து உடனே எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுத்தா ஆச்சா? பாத்தவங்க பாத்துட்டாங்களே. நீங்களே போன் பண்ணி அவராண்ட சொல்லுங்க" என்று நம்பர் கொடுத்தாள்.

பண்ணினேன். மாமன் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"மேடம், ஒண்ணு அவங்க அனுப்புன படம் பொய்யா இருக்கணும். இல்ல, நீங்க போட்ட படம் பொய்யா இருக்கணும். எது?"

இருபது வருடமாகப் படம் எடுக்கிறேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒளி, கோணம், ரசனை என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் சொன்னேன், "நான் போட்டதுதாங்க பொய்."

"எப்டி நம்பறது? அவங்க சொல்லச் சொல்லிக்கூட நீங்க சொல்லலாமே..."

நியாயம்தானே? நான் என்ன செய்வது! அப்போதுதான் பழைய மெமரி கார்டு ஞாபகம் வந்தது. வீணாய்ப் போன படங்களையும் நான் அழிப்பதில்லை. கொள்கை எல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்தான். "அந்தக் குப்பையை எல்லாம் எதுக்கு வச்சிருக்க?" என்று கணவர் கேட்காத மாதம் கிடையாது. அந்த நாற்பது சொச்சத்தையும், எதையும் தொடாமல், முதலிலிருந்து கடைசிவரை அப்படியே மாமனுக்கு அனுப்பினேன். பைக்கோடு, குடத்தோடு, ஆன்டெனாவோடு, நைட்டியோடு.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அன்று ராத்திரி வரை இல்லை.

பழைய தெருவைப் படம் எடுக்கும் எங்கள் கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குப் பழமை வேண்டும், பழைய வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம். இருந்தால் அவர்களுக்கு முகம் நிறையச் சுருக்கம் இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, கையில் போன் கூடவே கூடாது. சுவர் பெயர்ந்திருந்தால் சந்தோஷம். யாராவது பெயின்ட் அடித்துவிட்டால் துக்கம். அதே நாங்கள் எங்கள் பிளாட்டில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டால் அசோசியேஷனைக் கூட்டிச் சண்டை போடுவோம்... சரி, புலம்பல் போதும்.

மறுநாள் சாயங்காலம் புது நம்பரிலிருந்து போன்.

"நான் பொண்ணோட அம்மா பேசறேங்க. எங்க தம்பி படம்லாம் காட்டுச்சி. அதுல எல்லாத்துலயும் நீலச் சட்ட போட்டுக்கினு கொடம் தூக்கிக்கினு போறது... மாப்பிளதானே?"

"ஆமாங்க."

"கம்பெனி டிரெஸ் மாரி கீதே?"

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்த நேரம். அவங்க அம்மாவுக்கு முட்டி வலியாம். தண்ணியெல்லாம் இவர்தான் பிடிப்பாராம். அஞ்சு நிமிஷம் நிற்கச் சொன்னேன், எனக்காக நிற்கலையே!"

பின்னால் யாரையோ டிவியைக் குறைக்கச் சொன்னார் அந்த அம்மா.

"எண்ணிப் பாத்தேங்க. பதினோரு நடை. எங்க வூட்டுக்கு வந்தப்ப வெள்ளச் சட்ட போட்டுக்கினு, தல குனிஞ்சிக்கினு, ஒரு வார்த்த பேசல. என் பொண்ணு மட்டும் நல்லவரும்மா, நல்லவரும்மான்னு சொல்லிக்கினே இருந்தா. எத்த வச்சி சொல்றான்னு எனக்கு வெளங்கவே இல்ல." அப்புறம் குரல் இளகியது. "ஞாயித்துக்கெயம வர்றோம்னு அவங்களாண்ட நாங்களே சொல்லிக்கிறோம். வூடு எப்டி இருந்தா இன்னாங்க."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் கணவருக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன். மனிதர் சந்தேகமாகப் பார்த்தார்.

தேவகி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வர வேண்டும் என்றாள். போனேன். மேடம் போய் 'யக்கா' ஆகியிருந்தேன். கேமராவைக் காரிலேயே பூட்டிவிட்டேன். பெண் வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். மாமன் பின்பக்க ரூம்களைப் பார்த்தார், பாத்ரூம் குழாயைத் திறந்து மூடினார், முன்பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "நல்ல கட்டு. படத்துலதான் இடிஞ்சாப்ல கீது" என்று என்னைப் பார்த்தார். நான் மேலே சுதைக் கிளிகளை ரசித்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக லோகுவின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, முட்டிக்கு என்ன தைலம் போடுகிறீர்கள் என்று கேட்டார். லோகு காபித் தட்டோடு வந்தார். முதல் டம்ளரை நேராகப் பெண்ணின் அம்மாவிடம் நீட்டினார்.

"இன்னிக்குத் தண்ணி புட்ச்சாச்சா?" என்றார் அந்த அம்மா.

"புட்ச்சிட்டேன்... அத்தே" என்றார் லோகு.

அவ்வளவுதான் கேள்வி பதில். அந்த 'அத்தே'யில் வீடே சிரித்துவிட்டது. அன்றைக்கே நாள் குறித்தார்கள். தேவகி என் கையில் இன்னொரு டம்ளர் டீயைத் திணித்தாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்ததும் அந்த வீட்டை மறுபடியும் போட்டேன், குடமும் ஆளும் நைட்டியும் எல்லாம் இருக்கிற படமாக. மேலே ஒரே வரி: "இங்கே இரண்டு பேர் வாழ்கிறார்கள். விரைவில் மூன்று." முன்பு வந்ததில் கால்வாசி லைக் கூட வரவில்லை. ஒரு ரசிகர் மட்டும் எழுதியிருந்தார், "அந்த டிஷ் ஆன்டெனாவை எடுத்திருக்கலாமே மேடம்." அதில்தான் லோகுவின் அம்மா சீரியல் பார்க்கிறார் என்று பதில் போட்டேன்.

இந்த வாரம் தேவகி மறுபடி கூப்பிட்டாள். ஆவணியில் கல்யாணம், பத்திரிகை அனுப்ப விலாசம் வேண்டுமாம். எனக்குக் கால் தரையில் இல்லை. "கல்யாணப் படம் முழுக்க நான்தான் எடுப்பேன், என் அன்பளிப்பு!" என்றேன்.

"அய்ய... அது மட்டும் வேணாம் யக்கா. நீங்க சும்மா வந்து சாப்ட்டுட்டுப் போங்க. நீங்க எடுத்தீங்கன்னா மண்டபத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க!"